கதவைச் சாத்தும் பயிற்சியாளர் வேண்டாம்

"மூணு வயசு முடிஞ்சுடுச்சு டாக்டர், இன்னும் 'அம்மா'கூட வரல." அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பெற்றோர் பேச்சு இப்படித்தான் தொடங்குகிறது. ஒன்றரை வயதிலேயே வந்திருக்கலாமே, இடைப்பட்ட ஒன்றரை வருடம் எங்கே போனது என்று கேட்டால் ஒரு பெரிய கதை வரும்.

வசம்பு, தேன், "ஆம்பளைப் பிள்ளை"

நாக்கில் வசம்பைத் தேய்த்தால் வாந்திதான் வரும், பேச்சு வராது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் தருவது ஆபத்து. நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமப்படலாம், சில ஒலிகள் பிசகலாம். பேச்சே வராததற்கு அது காரணமல்ல, வெட்டச் சொல்லி அலையாதீர்கள். ஆண் குழந்தை சற்றுப் பிந்துவது உண்மைதான், ஆனால் வருடக்கணக்கில் அல்ல.

ஆவடிக் குடியிருப்புகளில் வேறொரு பயம். வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் இந்தி, தெருவில் தமிழ். அதனால்தான் பிள்ளை குழம்பிவிட்டான் என்கிறார்கள். பல மொழி கேட்பதால் எந்தக் குழந்தையும் ஊமையாவதில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, தனக்கே சரளமாக வராத இங்கிலீஷில் குழந்தையோடு மல்லுக்கட்டும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. உங்களுக்கு நன்றாக வரும் மொழியில் பேசுங்கள்.

யாரிடம் போவது?

முதல் நாளே குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று கேட்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம். (செவித்திறன் சோதனைகள்: ஓஏஇ, பெரா.) 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்றும் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

குழந்தையை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துகிறாரா? யோசியுங்கள். வாரத்தில் ஓரிரு மணி நேரம் அவருடையது, மிச்சமெல்லாம் உங்களுடையது. நல்ல பயிற்சியாளர் தாயைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தரையில் விளையாடுவார். "இது என்ன, சொல்லு, சொல்லு" என்று நச்சரிக்க மாட்டார். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லிவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருப்பார். அந்தப் பொறுமையை உங்களுக்கும் பழக்குவார். மெழுகுவர்த்தியை ஊதவைப்பதாலும், நாக்கில் அதிர்வுக் கருவி வைப்பதாலும் பேச்சு வரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வேண்டியதைப் பட அட்டை காட்டிக் கேட்கப் பழக்கினால் பிள்ளை பேசச் சோம்பேறியாகிவிடும் என்பதும் கட்டுக்கதை. "மூன்றே மாதத்தில் பேசவைக்கிறேன்" என்று கியாரண்டி தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசம் என்று சந்தேகம் வந்தால் மழுப்பாமல் சொல்பவரே நமக்கு வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

ஒரு வயதில் கைநீட்டிக் காட்டவில்லையா? ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லையா? இரண்டு வயதில் "பால் குடு" என்று சேர்த்துச் சொல்லவில்லையா? பேசிக்கொண்டிருந்த பிள்ளை நிறுத்திவிட்டதா? அந்த வாரமே வாருங்கள். போரூர் ராமச்சந்திரா மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த 6 வயது வரம்பு. அதற்கும் முன்பே, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சோறு ஊட்டும்போது அந்தப் போனைத் தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள். 2 வயதுவரை திரையே வேண்டாம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள்.