ப்ளூ ரிட்ஜ் ஏற்றத்தில் கடைசி நீராவி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ரோனோக் நகரிலிருந்து கிழக்கே போகும் ரயில் பாதை, ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடரை ஏறிக் கடக்கிறது. ஏற்றம் என்று பார்த்தால் நூறு அடிக்கு 1.2 அடிதான். சாலையில் இவ்வளவு சரிவு இருந்தால் சைக்கிளில் போகிறவர் மட்டுமே உணர்வார். ஆனால் மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கங்களில் நிலக்கரியை நிரப்பிக்கொண்டு நார்ஃபோக் துறைமுகத்துக்குக் கிளம்பிய கூட்ஸ் வண்டிகளுக்கு அது பெரிய சோதனை. முன்னால் இரண்டு நீராவி எஞ்சின்கள் இழுக்கும், பின்னால் இன்னொன்று தள்ளும், அப்படியும் வண்டி ஊர்ந்துதான் ஏறும்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெரிய ரயில்வேக்கள் பெரும்பாலும் டீசலுக்கு மாறிவிட்டன. நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் கம்பெனியின் முக்கியப் பாதைகளில் மட்டும் நீராவி முழு பலத்தோடு உழைத்துக்கொண்டிருந்தது. அது முடியப்போகிறது என்று தெரிந்து கேமராவோடு வந்தவர்கள், சமவெளியை விட்டுவிட்டு மலையேற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றார்கள். மலைக்காட்சி அழகாக இருக்கும் என்பது அதற்குச் சின்னக் காரணம். பெரிய காரணம் எஞ்சினுக்குள் இருந்தது.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகக் குறைவு. சமதளத்தில் மெதுவாகப் போகும் ஒரு டன் எடையை நிற்காமல் நகர்த்த இரண்டு மூன்று கிலோ இழுவிசை போதும். பாதை 1.2 சதவீதம் உயர்ந்தால், புவியீர்ப்பை எதிர்க்க மட்டுமே ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 12 கிலோ வேண்டும். வண்டி அதேதான், சுமை அதேதான். தேவைப்படும் விசையோ ஐந்து மடங்காவது இருக்கும். ஓட்டுநர் ரெகுலேட்டரை அகலத் திறந்து, கொதிகலன் தரக்கூடிய அத்தனை நீராவியையும் சிலிண்டருக்குள் விடுகிறார்.

பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி எங்கே போகிறது என்பதில்தான் படத்தின் ரகசியம் இருக்கிறது. அது புகைபோக்கிக்கு நேர்கீழே உள்ள ஒரு குறுகிய குழாய்முனை வழியாக மேல்நோக்கிப் பீறிடுகிறது. அந்த வேகத்தில் எஞ்சினின் முன்பெட்டிக்குள் அழுத்தம் குறைய, பின்னால் எரியும் நெருப்பின் ஊடாக வெளிக்காற்று இழுக்கப்படுகிறது. எஞ்சின் எவ்வளவு கடுமையாக உழைக்கிறதோ நெருப்பும் அவ்வளவு கடுமையாக எரியும். தனியாகத் துருத்தி வேண்டாம், விசிறி வேண்டாம். நீராவி எஞ்சினின் அமைப்பில் இதைப் போல என்னை வியக்கவைத்த ஏற்பாடு வேறில்லை. ஏற்றத்தில் வண்டியின் வேகம் குறைவு, பீறிடலின் பலமோ உச்சம். அதனால் வெண்தூண் பின்னோக்கிச் சாயாமல் நெட்டுக்குத்தாக எழுகிறது. உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் ரெகுலேட்டர் மூடப்படும், புகைபோக்கிக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. ஒரே எஞ்சின், ஒரே மலை, ஆனால் படம் இந்தப் பக்கச் சரிவில் மட்டுமே கிடைக்கும்.

நீராவியைக் கண்ணால் பார்க்க முடியாது. அது நிறமற்ற வாயு. பாதுகாப்பு வால்வு திறக்கும் கணத்தில் உற்றுப் பார்த்தால், வாயை ஒட்டி ஒரு சிறு இடைவெளி வெறுமையாகத் தெரியும்; வெண்மை அதற்கு மேல்தான் தொடங்கும். காற்றில் கலந்து குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகே அது நம் கண்ணுக்கும் ஃபிலிமுக்கும் அகப்படுகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீரை ஆவியாகவே தாங்கும். உறைநிலையில் தாங்குவது ஏறக்குறைய 5 கிராம். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கிராம் அளவுதான். கோடைப் பகலில் வெளியேறும் நீராவியைக் காற்று சீக்கிரமே உள்வாங்கிக்கொள்கிறது. கடுங்குளிரில் உள்வாங்க இடமில்லை, எனவே துளிகள் வெகுநேரம் மிதக்கின்றன. டிசம்பர் விடியலில் ஊட்டியில் பேசுகிறவர் வாயிலிருந்து எழும் புகையும் இதே கணக்குதான். நீராவியைப் படம் எடுத்தவர்கள் விறைக்கும் குளிரைத் தேடிப் போனதன் காரணம் இது.

அந்த வெண்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கிலோகலோரி போதும். கொதிக்கும் நீரை அதே வெப்பநிலையில் நீராவியாக்க இன்னும் 540 கிலோகலோரி வேண்டும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். ரயில் எஞ்சின் பயன்படுத்துவது நீராவி விரிவடையும்போது தரும் சிறு பங்கை மட்டுமே. உள்ளுறை வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடுகிறது. மின் நிலையங்கள் நீராவியை வெற்றிடத்தில் குளிர்வித்து, அதனிடமிருந்து இன்னும் கொஞ்சம் வேலை வாங்குகின்றன. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சினில் அதற்கான கருவிகளை வைக்க இடம் போதாது. அதனால்தான் எரித்த நிலக்கரியின் சக்தியில் பத்து சதவீதம்கூட நீராவி எஞ்சினின் இழுவையாக மாறவில்லை. டீசல் எஞ்சினோ கால் பங்குக்கும் மேல் மாற்றிக் காட்டியது. நீராவிக் காலத்தின் மிக அழகான படங்களில் நாம் பார்த்து வியப்பது, அந்த எஞ்சினால் பிடித்துவைக்க முடியாமல் போன வெப்பத்தை. எது அந்த எஞ்சினைக் கேமராவுக்கு உகந்ததாக ஆக்கியதோ, அதுவே அதன் முடிவுக்கும் பெரும் காரணம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் அந்தப் படங்களின் முழுக் கனமும் எனக்குப் புரிகிறது.

அந்த விரயத்தைக் குறைக்க நார்ஃபோக் அண்டு வெஸ்டர்னின் ரோனோக் பணிமனைப் பொறியாளர்கள் விடாமல் முயன்றார்கள். அவர்கள் கட்டிய ஒய்6 வகை எஞ்சினில் பின்பக்கச் சிலிண்டர்கள் உயரழுத்த நீராவியில் இயங்கும். அங்கே வேலை முடித்த நீராவியை வெளியே விடாமல், முன்பக்கமுள்ள இன்னும் பெரிய சிலிண்டர்களுக்குள் அனுப்பி மறுபடி உழைக்க வைப்பார்கள். நம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினும் இதே தத்துவம்தான்: பல்சக்கரப் பாதையில் ஏறும்போது, தண்டவாளச் சக்கரங்களை ஓட்டிய நீராவியே அடுத்துப் பல்சக்கரத்தையும் ஓட்டுகிறது. நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் தன் கடைசி நீராவி எஞ்சினை 1953 டிசம்பரில் கட்டி முடித்தது. சுமக்கும் சரக்கும் நிலக்கரி, எரிப்பதும் நிலக்கரி. நீராவி மீதான விசுவாசத்துக்கு வணிகக் காரணமும் இருந்தது.

இந்தக் கம்பெனியின் பாதைகளுக்குத்தான் 1955 ஜனவரியில் வின்ஸ்டன் லிங்க் வந்து சேர்ந்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், படித்தது சிவில் எஞ்சினீயரிங், தொழில் விளம்பரப் புகைப்படம். இரண்டாம் உலகப் போரின்போது, தாழப் பறக்கும் விமானத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவிக்கான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஏர்கண்டிஷனர் படமெடுக்க வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகருக்கு வந்த இடத்தில், பக்கத்து ஊரான வேய்ன்ஸ்பரோவில் இரவு ரயிலைப் பார்த்தார். கம்பெனியின் தலைவர் ராபர்ட் ஸ்மித் அனுமதி தர, அடுத்த ஐந்து ஆண்டுகள் சொந்தச் செலவில் திரும்பத் திரும்ப வந்து சுமார் 2,400 நெகட்டிவ்களை எடுத்தார். அவற்றில் புகழ்பெற்றவை இரவுப் படங்கள்.

இருளை ஏன் தேர்ந்தெடுத்தார்? சூரியனையும் தண்டவாளத்தையும் தன்னால் நகர்த்த முடியாது, வெளிச்சத்தை மட்டுமே வேண்டிய இடத்தில் வைக்க முடியும் என்பது அவர் எண்ணம். எஞ்சின் கரிய நிறம், வெளிச்சத்தை விழுங்கும். நீர்த்துளி மண்டலம் வெண்மை, வெளிச்சத்தைச் சிதறடிக்கும். மேகமூட்டமான பகலில் வெண்தூண் வெளிறிய வானத்தில் கரைந்துபோகும். இரவிலோ பின்னணி முழுக்கக் கறுப்பு. இத்தகைய துளிகள் ஒளியைப் பெருமளவு முன்னோக்கியே சிதறவிடும் என்பதால், விளக்கைக் கேமராவுக்கு அருகில் வைப்பதைவிடப் பக்கவாட்டிலும் பின்னாலும் வைத்தால் வெண்மை தகதகக்கும். லிங்க் தண்டவாளத்தின் ஓரமாகவும், மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்னாலும் விளக்குகளை ஒளித்து வைத்தார்.

விளக்கு என்றால் மீண்டும் மீண்டும் மின்னும் இன்றைய ஃபிளாஷ் அல்ல. ஆக்சிஜன் நிரப்பிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய உலோக இழை. மின்சாரம் தொட்டதும் நொடியின் நூறில் சில பங்குகளுக்குள் எரிந்து தீர்ந்துவிடும். ஒரு குமிழ் ஒரே படத்துக்குத்தான். வெளிச்சமோ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஆறு மீட்டர் தூரத்தில் உள்ள மனிதரின் முகத்துக்கு ஒரு குமிழ் போதுமென்றால், அறுபது மீட்டர் தூரத்து எஞ்சினை அதே அளவு ஒளிர வைக்க நூறு மடங்கு வெளிச்சம் தேவை. இன்னொரு நெருக்கடி வேகம். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டி நொடியின் நூறில் ஒரு பங்கில் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எனவே எல்லாக் குமிழ்களும் ஒரே கணத்தில் எரிய வேண்டும், ஷட்டரும் அதே கணத்தில் திறக்க வேண்டும்.

லிங்க் அதற்கான மின்கருவியைத் தானே வடிவமைத்தார். குமிழ்களைத் தொடரிணைப்பில் கோத்தார். அப்போது எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் ஒரே நேரத்தில் பாயும். ஓர் இணைப்பு கழன்றிருந்தாலும் ஒன்றும் எரியாது, ரயில் போய்விடும். பாதி எரிந்து கெட்டுப்போகும் படத்தைவிட அது மேல் என்பது ஒரு பொறியாளரின் முடிவு. உதவியாளர்களோடு இரவில் மேடு பள்ளங்களில் கம்பி இழுத்து, ஒவ்வொரு இணைப்பையும் சோதித்துவிட்டுக் காத்திருப்பார்கள். வண்டி வந்ததும் ஒரே ஒரு மின்னல்.

1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் யேகர் என்ற ஊரில் எடுத்த படம்தான் எல்லோருக்கும் தெரிந்தது. திறந்தவெளித் திரையரங்கில் கார்களில் உட்கார்ந்து ஜனங்கள் சினிமா பார்க்கிறார்கள், திரையில் ஜெட் விமானம் பறக்கிறது, திரைக்கு அருகில் வெண்மேகத்தைக் கிளப்பிக்கொண்டு கூட்ஸ் வண்டி பாய்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட குமிழ்களின் வெளிச்சத்தில் திரையில் இருந்த காட்சி வெளுத்துப் போயிற்று. விமானத்தைத் தனி நெகட்டிவில் எடுத்து, இருட்டறையில் சேர்த்தார் லிங்க். அவருடைய படங்களில் மனிதர்கள் நிற்கும் இடமும் பெரும்பாலும் அவர் சொல்லி வைத்ததுதான். இதெல்லாம் ஏற்பாடு செய்த காட்சி, ஆவணமாகாது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரயில் உண்மையான சுமையோடு உண்மையான நேரத்தில் வந்தது. படங்களில் தெரியும் வீடுகளும் பெட்ரோல் பங்க்குகளும் அந்தப் பாதையோரத்து ஊர்களுடையவை, ஆற்றில் குளிக்கும் பிள்ளைகள் அந்த ஊர்க்காரர்களே. ரயில் அந்த ஊர்களின் வாழ்க்கைக்குள் எவ்வளவு நெருக்கமாக ஓடியது என்பதைத் தற்செயலாக எடுத்த ஆயிரம் படங்களைவிட இந்தச் சில படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

1958இல் புதிய தலைவர் வந்ததும் டீசலுக்கு மாறும் வேலை வேகமெடுத்தது. 1960 மே மாதத்தோடு அந்தக் கம்பெனியில் நீராவி முடிந்தது. லிங்க் ஒலிப்பதிவும் செய்து வைத்திருந்தார். 1957 முதல் அவை இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றில் கேட்பது நீராவி வெளியேறும் தாளம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முறை நீராவி வெளியேறும். அந்தக் கம்பெனியின் ஏ வகை எஞ்சினில் இரண்டு தனித்தனிச் சக்கரத் தொகுதிகள். இரண்டின் ஓசையும் ஒன்றுசேர்ந்து, மெல்ல விலகி, மீண்டும் சேரும். ஏற்றம் கூடக்கூட இடைவெளி நீளும். அவருடைய படங்களைக் காண ரோனோக்கின் பழைய ரயில் நிலையமே இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

முக்கியப் பாதையில் மலையேறும் நீராவியை உலகம் கடைசியாகப் பெரிய அளவில் பார்த்தது சீனாவில். உள் மங்கோலியாவின் ஜிடோங் ரயில்வே 1995இல்தான் திறக்கப்பட்டது. ஆனால் அதன் கூட்ஸ் வண்டிகளை இழுத்தவை கியூஜே வகை நீராவி எஞ்சின்கள். வழியிலுள்ள ஜிங்பெங் கணவாயில் இரண்டு எஞ்சின்கள் முன்னால் பூட்டிய வண்டிகள் வளைந்து வளைந்து ஏறின. மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும் குளிர்காலத்தில்தான் உலகெங்குமிருந்து கேமராக்கள் அங்கே குவிந்தன. விடியலில் சூரியனை நோக்கி நின்று, ஒளி துளிகளின் ஊடாக வரும்படி எடுத்தார்கள். லிங்க் குமிழ்களால் செய்ததை இங்கே தாழ்ந்த சூரியன் செய்தது. 2005 டிசம்பரில் அங்கும் டீசல் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஜிடோங்கின் இரண்டு கியூஜே எஞ்சின்கள் கப்பலேறி அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போயின. அங்கே அவை சிறப்பு ரயில்களை இழுத்து ஓடியிருக்கின்றன. ஆனால் சுமையும் ஏற்றமும் குறைந்த அந்தப் பாதையில், குளிர் எவ்வளவு இருந்தாலும், ஜிங்பெங்கில் எழுந்த வெண்தூணை எதிர்பார்க்க முடியாது.