ஒரே நேரத்திலா, ஒன்றன்பின் ஒன்றாகவா?

ஐந்து புள்ளிகள் குறிக்கப்பட்ட ஓர் உலோகக் கம்பியை எடுத்துக்கொள்வோம். நடுப்புள்ளியின் வெப்பநிலை 100 டிகிரி. மற்ற நான்கும் 0 டிகிரி. இரு முனைகளும் எப்போதும் 0 டிகிரியிலேயே நிறுத்தப்பட்டுள்ளன. வெப்பம் பரவுவதைத் தோராயமாகக் கணக்கிட எளிய விதி ஒன்று உண்டு. சிறிது நேரம் கழிந்தபின், உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியின் புதிய வெப்பநிலை, அதன் இரு பக்கத்துப் புள்ளிகளின் பழைய வெப்பநிலைகளின் சராசரியாகும்.

தாளில் கணக்கிட்டால் 0, 50, 0, 50, 0 என்று வரும். இடமும் வலமும் சமம்.

இதையே கணிப்பொறியிடம் ஒப்படைப்போம். ஒரே பெயரின்கீழ் வரிசையாகச் சேமிக்கப்படும் எண்களை 'அர்ரே' என்பர். அதன் ஒரு பகுதியே துண்டு. 'இரண்டு முதல் நான்கு வரையுள்ள துண்டில், பக்கத்து எண்களின் சராசரியை இடு' என்று ஒரே கட்டளை தருகிறோம். கணிப்பொறி இடமிருந்து வலமாக ஒவ்வோர் எண்ணாக மாற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? இரண்டாவது எண் 50 ஆகிறது. மூன்றாவதைக் கணக்கிடும்போது, பக்கத்திலிருந்த பழைய 0 அழிந்து, புதிய 50 நிற்கிறது. ஆகவே மூன்றாவது 25. அதே காரணத்தால் நான்காவது 12.5. விடை 0, 50, 25, 12.5, 0. வெப்பத்திற்கு இடப்பக்கத்தின்மீது தனிப் பாசம் இருப்பதுபோல் தோன்றுகிறது! கணிப்பொறியோ எந்த எச்சரிக்கையும் தராது.

எனவே, கணிப்பொறி மொழியை வடிவமைப்போர் இக்கட்டளையின் பொருளை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இச்சிக்கல் எழவில்லை. ஒவ்வோர் எண்ணையும் மாற்றும் வரிசையை நிரல் எழுதுபவரே குறிப்பிட்டார். துண்டுகளைக் கையாளும் வசதி 1991இல் தரப்படுத்தப்பட்ட ஃபோர்ட்ரான் 90இல் வந்தது. அதன் விதி தெளிவானது: வலப்பக்கம் முழுவதையும் கணக்கிட்டு முடித்த பிறகே இடப்பக்கத்தில் எழுதத் தொடங்கியதுபோல் விடை அமைய வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு விலை உண்டு. விடைகளை எழுதுமுன் வேறோர் இடத்தில் தற்காலிகமாக வைக்க வேண்டும். ஒரு கோடி எண்கள், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் என்றால், கூடுதலாக 8 கோடி பைட் நினைவகம் தேவை. ஆனால் எல்லா இடத்திலும் இது வேண்டியதில்லை. எடுக்கும் துண்டும் எழுதும் துண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் நேரே எழுதலாம். படிந்தாலும் சில சமயம் திசையை மாற்றினால் போதும். ஒரு பெஞ்சில் அமர்ந்திருப்போர் அனைவரும் வலப்பக்கம் ஓர் இடம் நகர வேண்டுமானால், வலக்கோடியில் இருப்பவரல்லவா முதலில் நகர வேண்டும்?

சி மொழி இப்பொறுப்பை நிரல் எழுதுபவரிடம் விட்டது. அதில் நினைவகப் பகுதியை நகலெடுக்க இரு செயற்கூறுகள் உள்ளன. 'மெம்மூவ்' படிந்த பகுதிகளையும் சரியாகக் கையாளும். 'மெம்காப்பி' அதற்கு உறுதி தராது. பைத்தான் மொழியில் பயன்படும் நம்பை தொகுப்பில், துண்டு என்பது நகலன்று. மூல அர்ரேயையே காட்டும் சாளரம். படிந்த துண்டுகளில் செய்யும் சில கணக்குகளின் விடை இதற்கு உறுதியற்றதாக இருந்தது. 2017இல் வந்த 1.13ஆம் பதிப்பு, படிதல் இல்லாததுபோலவே விடை வரவேண்டும் என்று விதித்தது. தேவையான இடத்தில் தற்காலிக நகலை அதுவே எடுத்துக்கொள்கிறது.

புதிய மதிப்பை உடனே பயன்படுத்துவது எப்போதும் குற்றமன்று. கம்பி இறுதியில் அடையும் நிலையான வெப்பநிலையை மட்டும் அறிய விரும்பினால், அம்முறை விரைவாகவே விடை தரும். காஸ்–சைடல் முறை என்று கணிதத்தில் பெயர் பெற்றது அதுதான். ஆனால் எந்த முறை வேண்டும் என்பதை, கணக்கை அறிந்தவர் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்கள் நினைவகத்தில் கிடக்கும் ஒழுங்கு தீர்மானிக்கக் கூடாது.