இரயில் பயணத்திற்கு ஒரு துணி ஏடு

தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். பல விரைவு வண்டிகளில் இரண்டு இரவும் ஒரு பகலும் கழியும். இரவைப் பற்றிக் கவலையில்லை, குழந்தைகள் உறங்கிவிடுவார்கள். இடைப்பட்ட அந்த ஒரு பகலே நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்ப் பெற்றோர்க்குச் சோதனை. நாகபுரி வருவதற்குள் சன்னல் அலுத்துவிடும், தின்பண்டம் தீர்ந்துவிடும், பிறகு கைப்பேசியை நீட்டுவதன்றி வேறு வழி தோன்றாது. அந்தப் பகலுக்கு உதவும் துணி ஏடு ஒன்றை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

குழந்தையின் குறும்புக்குப் பெரும்பாலும் கைக்கு வேலை இல்லாமையே காரணம். இதை நன்குணர்ந்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். பொத்தான் போடவும் நாடா முடியவும் குழந்தைகள் பழகுவதற்கென்றே துணி பொருத்திய மரச்சட்டங்களை அவர் வகுத்தார். நமது ஏடு அச்சட்டங்களை மடித்துப் பையில் வைத்தாற் போன்றது.

சற்று அழுத்தமான பழைய பருத்தித் துணியில் 42 சென்டிமீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஆறு துண்டுகளை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்கு இரண்டு பக்கம். ஆகப் பன்னிரண்டு பக்கங்கள். நம் உயிரெழுத்துக்களும் பன்னிரண்டே! பக்கத்திற்கோர் எழுத்தை வண்ணத் துணியில் வெட்டித் தைத்து, அருகே குழந்தைக்கு ஒரு வேலையும் அமையுங்கள். அணிலுக்குக் கம்பளி நூல் மூன்றைத் தொங்கவிட்டால் வால் பின்னலாம். ஆமையின் ஓட்டைப் பொத்தானிட்டு மூடித் திறக்கலாம். ஏணியின் துளைகளில் காலணி நாடாவைக் கோத்துப் படிகள் கட்டலாம். ஓடத்தை நூலின்மேல் இங்குமங்கும் நகர்த்தலாம்.

இவ்வேலைகளைத் துண்டுகளை இணைக்குமுன்னரே தைத்துவிட வேண்டும். அப்போதுதான் முடிச்சுகள் உள்ளே மறையும். பக்க வரிசை பிழைபடாமலிருக்க, முதலில் மூன்று காகிதங்களை ஒன்றாக மடித்து எண்ணிட்டுப் பாருங்கள். 1, 12 ஆகிய பக்கங்கள் உள்ள துண்டுக்கு 2, 11 உள்ள துண்டே சோடி என்பது அப்போது விளங்கும். சோடித் துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளிச் சுற்றிலும் தையுங்கள். நான்கு விரல் இடைவெளி விட்டு, அதன் வழியே புரட்டி, பின் அதனையும் மூடுங்கள். மூன்று சோடிகளையும் அடுக்கி நடுவே தைத்தால் ஏடு முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குப் பொத்தான், மணி, பாசி எதுவும் கூடாது. பிய்ந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். காந்தம் எவ்வயதினர்க்கும் வேண்டா. நாடாவும் நூலும் ஒரு சாணுக்கு மேல் நீளலாகாது.

ஏட்டை ஒரு சுருக்குப் பையில் இட்டுப் பெரியவர்களே வைத்திருங்கள். வண்டி ஏறியவுடன் கொடுத்துவிடாதீர்கள். சன்னல் அலுத்தபின் எடுங்கள்.

என் மகள் நான்கு வயதில் ஊருக்குச் சென்றபோது, பாட்டி தமிழில் கேட்டதற்கெல்லாம் இந்தியில் விடை கூறினாள். பாட்டி முதலில் சிரித்தார். பிறகு கேட்பதையே குறைத்துக்கொண்டார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நான், என் தாய்க்கும் மகளுக்கும் நடுவே அமர்ந்து மொழிபெயர்க்க நேர்ந்தது. மறு ஆண்டு இந்த ஏட்டுடன் சென்றோம். அணில் வாலைப் பின்னத் தெரியாமல் நூலைச் சிக்கலாக்கிக்கொண்டு அவள் பாட்டியிடம் ஓடினாள். பாட்டி பின்னிக் காட்டினார். “இது அணில், அடுத்தது என்ன, சொல்லு” என்றார். “ஆமை” என்றாள் குழந்தை. அன்று மாலை வரை என்னை ஒருவரும் அழைக்கவில்லை.