ரசீதில் நம்பர் இல்லையா? வரி கொடுக்காதீங்க!

படவேடு:
ஆடி வெள்ளி வந்தால் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். வண்டியை நிறுத்தக் காசு. அந்தக் காசுக்கு வரி உண்டா?

மெரினா போன்ற இடங்களில் மாநகராட்சியே நேரடியாக வசூலித்தால் ஜி.எஸ்.டி. கிடையாது. வாகன நிறுத்துமிடம் நகராட்சிகளின் பணி என்று அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை சொல்கிறது. 2017 முதல் அதற்கு விலக்கு. படவேடோ ஊராட்சி. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் அந்தப் பெயரே இல்லை. வேடிக்கைதான்!

குத்தகைதாரர் வசூலித்தால் 18 சதவீதம்: 50 ரூபாய்க்கு 9 ரூபாய். ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவர் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு பைசாகூட வாங்கக்கூடாது. இது சட்டம்.

துண்டுச் சீட்டை நீட்டி, "டாக்ஸோட சேர்த்துக் குடுங்கண்ணே" என்றால், "ஜி.எஸ்.டி. நம்பர் எங்கேப்பா?" என்று கேளுங்கள்.