தும்பறை மலைத்தொடரின் இயற்கையும் வாழ்வும்

கண்டி மாநகரின் வடகிழக்கே, கண்டி, மாத்தளை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து கிடப்பது தும்பறை மலைத்தொடர். அதன் சிகரங்கள் சில மடக்கிய கையின் விரல் முட்டுகளை ஒத்திருத்தல் கண்ட ஆங்கில நில அளவையாளர் அதற்கு நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர். அதன் மிகவுயர்ந்த சிகரமாகிய கொம்பனியா 1,906 மீற்றர் உயரமுடையது.

இம்மலையின் தனிச்சிறப்பு அதன் தனிமையேயாகும். மகாவலி கங்கையின் பள்ளத்தாக்கு இதனை நுவரெலியா முதலிய நடுமலைநாட்டினின்றும் பிரித்து நிற்கின்றது. குளிர்ந்த உச்சியில் வாழப் பழகிய சிற்றுயிர் வெப்பமான பள்ளத்தைக் கடந்து மறுமலை சேர்தல் அரிது. சகாராப் பாலைவனத்தின் எனடி மலையில், சுற்றிலும் மணல் சூழ்ந்த சுனையொன்றில் முதலைகள் சில எஞ்சி வாழ்கின்றன. ஆண்டு மணற்கடல் செய்யும் வேலையை ஈண்டு ஆற்றுப்பள்ளத்தாக்குச் செய்கின்றது எனலாம்.

மூக்கின் நுனியில் இலை போன்ற உறுப்புடைய ஓணான் ஒன்று இம்மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 1861ஆம் ஆண்டில் விவரிக்கப்பெற்ற அவ்வுயிருக்கு, இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்றின் பெயர் இடப்பட்டது. இம்மலைக்கே உரிய வேறொரு சிறு ஓணான் 2006ஆம் ஆண்டிலேதான் தனியினமென விவரிக்கப்பட்டது. நீர் கசியும் பாறைகளில் ஒட்டி வாழும் தவளையொன்றும் இங்குண்டு. சிறுத்தை, மரை, சருகுமான், மந்தி ஆகியனவும் இக்காடுகளில் உலவுகின்றன.

மேலைச் சரிவுகள் மழை மிக்கவை. கீழைச் சரிவுகள் வறட்சி மிக்கவை. உச்சிகளில் ஓயாது வீசும் காற்றினாலும் மெல்லிய மண்ணினாலும் மரங்கள் குள்ளமாகிப் பாசி போர்த்து நிற்கின்றன. பிட்டவலைப் பகுதியிலோ, பாறை மேற் படிந்த சிறிதளவு மண்ணிற் புல் மட்டுமே வளர்ந்து பரந்த வெளியாகக் காட்சியளிக்கின்றது.

மலையின் உட்புறத்தே மீமுரே முதலிய பழஞ்சிங்களக் கிராமங்கள் உள்ளன. அங்குள்ளோர் நெல்லும் சேனைப் பயிரும் விளைவித்து, கித்துள் மரத்தினின்றும் கருப்பட்டி செய்து வாழ்ந்தனர். அக்கிராமத்தின் மேலெழும் லக்கேகல என்னும் சிகரத்தை மக்கள் இராவணனோடு தொடர்புபடுத்திக் கதை கூறுவர். மேலைச் சரிவுகளிலுள்ள தோட்டங்களில் வாழ்வோர் பெரும்பாலும் தமிழராவர். கோப்பித் தோட்டங்களுக்கென மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. றங்கலை, மடுல்கலை முதலிய தோட்டங்களில் அவர்தம் உழைப்பு இன்றும் தொடர்கின்றது.

இம்மலைக்கு நேர்ந்த பெருங்கேடு ஏலச் செய்கையால் விளைந்தது. ஏலம் நிழலில் வளர்வதாதலின் பெருமரங்களை விடுத்துக் கீழ்நின்ற கன்றுகளை மட்டும் களைந்தனர். தொலைவில் நின்று நோக்குவார்க்குக் காடு குறைவின்றித் தோன்றிற்று. ஆயினும் முதிய மரம் வீழ்ந்தவிடத்து அதன் இடத்தை நிரப்ப இளமரம் இல்லை. காயைப் புகைகூடத்தில் உலர்த்தவும் விறகு வெட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இது பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையிலும் சேர்ந்தது. காட்டினுள் ஏலச் செய்கை தடுக்கப்பட்டமையால், ஏலத்தை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்கள் வருவாயை இழந்தன.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. எனினும், இம்மலை தருவது ஏலக்காய் மட்டுமன்று. ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தைச் சேர்கின்றது. வேறு சிற்றாறுகள் அம்பன் கங்கையிற் கலந்து, மின்னேரியா முதலிய குளங்களையும் வறண்ட நாட்டு வயல்களையும் காக்கின்றன. உச்சியிலுள்ள குள்ள மரங்களும் பாசியும் மூடுபனியை வடித்து, மழையில்லாக் காலத்தும் ஊற்றுக்களை உயிரோடு வைத்திருக்கின்றன. ஆகவே காட்டைக் காப்பதன் பயனைத் தாழ்நிலத்தார் பெறுகின்றனர். அதன் சுமையையோ மலையடிவாரத்து ஏழைகள் சுமக்கின்றனர். பயன் பெறுவோர் சுமையிலும் பங்கு கொள்ளும் வழி காணப்படின், மலையும் நிலைக்கும். அதனைச் சார்ந்த மக்களும் வாழ்வர்.