ஊசியும் நூலும்: பிள்ளைகளோடு வீட்டில் செய்யத்தக்க எளிய தையல் வேலைகள்



தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன் வகுப்புக்கு வராதிருப்பதற்குக் காய்ச்சலும் கனமழையும் மட்டுமே காரணங்களாவதில்லை. சட்டைப் பொத்தான் அறுந்து போயிற்று, காற்சட்டையின் தையல் விட்டுப் போயிற்று என்பன போன்ற சிறு காரணங்களும் உண்டு. தாயும் தந்தையும் விடியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். எஞ்சி நிற்கும் பிள்ளை, பிறர் பார்த்துச் சிரிப்பார்களே என அஞ்சி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஐந்து நிமிட வேலை ஒன்று செய்யப்படாமையால் ஒரு நாள் பாடம் போய்விடுகிறது. அந்த ஐந்து நிமிட வேலையைப் பிள்ளையே செய்துகொள்ளும்படி பழக்குவது கடினமன்று. அதனை விளையாட்டிலிருந்தே தொடங்கலாம்.

தையல் பெண்பிள்ளைகளுக்கு உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். நம் பக்கத்துப் பட்டணங்களில் தையற்கடை நடத்தி வந்தவர்களுள் ஆடவர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்வெண்ணம் தானே அகலும். ஆண்பிள்ளைக்கும் பத்து விரல்களே. அவன் சட்டைக்கும் பொத்தான்களே.

முதலில் வேண்டுவது ஒரு தையற்பெட்டி. காலியான ரொட்டி டின் போதும். (விருந்தினர் ஆவலோடு திறந்து, உள்ளே நூற்கண்டைக் கண்டு ஏமாறும் டின் பல வீடுகளில் இருக்கக் கூடும்!) அதில் வெள்ளை, கறுப்பு, கருநீலம் ஆகிய மூன்று நிற நூல், சில ஊசிகள், சிறு கத்தரிக்கோல், பழைய சட்டைகளிலிருந்து எடுத்த பொத்தான்கள், ஒரு துண்டு மெழுகுவர்த்தி ஆகியவை இருக்கட்டும். கையூசிகளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதைக் கடையில் வாங்கும்போது நினைவிற் கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு 5 அல்லது 6 ஆம் எண் ஊசி ஏற்றது. காது சற்றுப் பெரிதாக இருப்பதால் நூல் கோப்பது எளிது. நூல் ஒரு முழத்திற்கு மேல் வேண்டா. நீண்ட நூல் விரைவில் முடியும் என்று பிள்ளைகள் நினைப்பர். உண்மையில் அது முறுக்கேறிச் சிக்கி, வேலையை இரட்டிப்பாக்கும். நூலை மெழுகின் மேல் ஒருமுறை இழுத்தால் சிக்கல் குறையும்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் கையில் ஊசியைக் கொடுத்தல் ஆகாது. அக்குழந்தைக்கு ஓர் அட்டைப் பெட்டியை மீன் வடிவிலோ மாங்காய் வடிவிலோ வெட்டி, ஓரத்தைச் சுற்றி விரற்கடை இடைவெளியில் துளைகள் இட்டு, பழைய சப்பாத்துக் கயிற்றைக் கொடுத்தால் போதும். கயிற்றின் நுனியில் இறுக்கமான முனை இருப்பதால் அதுவே ஊசியாகிவிடும். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே எனக் கயிறு செல்லும் அந்த ஒழுங்குதான் ஓட்டுத் தையல். முதலாம் வகுப்பில் பென்சிலைப் பிடிக்கத் திணறும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் காண்கிறோம். கைப்பேசித் திரையைத் தள்ளுவதற்கு ஒரு விரல் போதும். பென்சில் பிடிப்பதற்குக் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் இணங்கி உழைத்தல் வேண்டும். கயிறு கோக்கும் குழந்தைக்கு அவ்விணக்கம் தானே படிகிறது.

ஐந்து, ஆறு வயதில் முனை மழுங்கிய பெரிய ஊசியும் கோணிச்சாக்குத் துண்டும் கொடுக்கலாம். சாக்கின் இழைகள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ‘இரண்டு இழை விட்டுக் குத்து’ என்று சொல்லிக் கொடுக்கவும் இயலும். இதே கோணிச்சாக்கு ஒரு காலத்தில் மலாயாவில் உடையாகவும் இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணிப் பஞ்சம் ஏற்பட்டபோது பலர் சாக்கையே வெட்டித் தைத்து உடுத்தினர். வீட்டில் முதியோர் இருப்பின், தம் பெற்றோரிடம் அவர்கள் கேட்டறிந்ததைத் தைக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு முதல் வேலையாக நான் பரிந்துரைப்பது அஞ்சாங்கல். மலாய் நண்பர்கள் ‘பத்து செரம்பான்’ என்று வழங்கும் இவ்விளையாட்டை நாம் கூழாங்கற்களைக் கொண்டும் ஆடுவோம். ஆயினும் துணியில் தைத்து, உள்ளே அரிசி நிரப்பிய சிறு பொதிகளே கைக்கு இதமானவை. அவற்றைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

பழைய கைலியிலோ தாவணியிலோ கிழியாத பகுதியைத் தேர்ந்து, 12 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஐந்து துண்டுகளை வெட்டிக்கொள்க. ஒரு துண்டின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு, நீளத்தைப் பாதியாக மடித்தால் சதுரம் கிடைக்கும். சதுரத்தின் ஒரு பக்கம் மடிப்பு. அதற்கு எதிர்ப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்துவிட்டு, மேற்பக்கத்தைத் திறந்தே விடுக. பின்னர்த் துணியை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் ஒரு சிறு பை உருவாகியிருக்கும்.

இங்கே ஓட்டுத் தையல் உதவாது. அரிசி மணியின் பருமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஓட்டுத் தையலை இழுத்துப் பிடித்தால் வாய் திறக்கும், மணிகள் சிந்தும். எனவே பின்தையல் போட வேண்டும். அதாவது, ஊசியை ஓரடி முன்னே எடுத்து, அரையடி பின்னே குத்தி, மீண்டும் முன்னே வருதல். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் முனையைத் தொட்டு நிற்பதால் இடையில் வெற்றிடம் இராது. (இங்கே ‘அடி’ என்றது எறும்பின் அடி என்று பிள்ளைகளுக்குச் சொல்க.)

ஒவ்வொரு பையிலும் மேசைக்கரண்டியால் ஒரு கரண்டி அரிசி அல்லது பாசிப்பயறு இடுக. ஐந்துக்கும் அதே கரண்டி, அதே அளவு. எடை மாறினால் மேலே எறியும் கல் ஒருவிதமாகவும் கீழே கிடக்கும் கல் வேறுவிதமாகவும் நடந்துகொள்ளும். பையை முழுக்க நிரப்பலாகாது. கால் பங்கு வெறுமையாக இருந்தால்தான் கல் விழுந்த இடத்திலேயே உட்காரும், உருண்டோடாது. நம் நாட்டின் ஈரக்காற்றில் அரிசியில் வண்டு விழக்கூடுமாதலின், முன்னதாகவே வெயிலில் நன்கு காயவைத்தோ வாணலியில் இலேசாக வறுத்தோ ஆறவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

இனி வாயை மூடுதல். இங்கேதான் பிள்ளைகள் வியப்பர். வாயை அடித்தையலுக்கு நேராக மூடினால் தலையணை போன்ற பொதி கிடைக்கும். அவ்வாறு மூடாமல், பக்கவாட்டுத் தையலையும் எதிரே உள்ள மடிப்பையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்து, விளிம்பை அரை சென்டிமீட்டர் உள்ளே மடக்கித் தைத்தால், மேல்வாயின் கோடு அடிக்கோட்டுக்குக் குறுக்காக அமையும். உடனே நான்கு முகங்களும் நான்கு முனைகளும் கொண்ட கூம்பு வடிவம் எழுந்து நிற்கும். கணிதப் பாடத்தில் படமாகக் காணும் வடிவம் கையில் தவழும். முகத்தை எண்ணு, விளிம்பை எண்ணு என்று கேட்டுப் பாருங்கள். விளிம்பு ஆறு என்பதை எளிதில் மறவார்கள்.

இவ்வேலையின் சிறப்பு என்னவெனில், தையல் நன்றா என்று ஆசிரியரோ அம்மாவோ சொல்ல வேண்டியதில்லை. இருபது முறை எறிந்து பிடித்தால் தெரிந்துவிடும். அரிசி சிந்தினால் பிரித்துத் தைக்க வேண்டியதுதான். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் அரிசி மணியும் பொத்தானும் தரையில் கிடவாதபடி பார்த்துக்கொள்வது பெரியவர் கடமை. அவை தொண்டையில் சிக்கக் கூடியவை.

அஞ்சாங்கல் தைத்த கை பொத்தானுக்கு அஞ்சாது. பொத்தான் தைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. துணியோடு ஒட்ட இறுக்கித் தைத்தால், மேலே வரும் துணிக்கு இடம் இராது. பொத்தான் மாட்டுந்தோறும் நூல் இழுபட்டு அறும். ஆகவே பொத்தானின் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதனையும் சேர்த்து நான்கைந்து முறை தைத்துவிட்டுக் குச்சியை உருவிவிடுக. பொத்தான் சற்றுத் தளர்ந்து எழும். அப்போது பொத்தானுக்கும் துணிக்கும் இடையே நூலை மூன்று சுற்றுச் சுற்றி, அடியில் முடிச்சிட்டால் சிறு காம்பு போல நிற்கும்.

முழங்காலில் கிழிந்த காற்சட்டைக்கு ஒட்டுப் போடும்போது, ஓட்டையை விடச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் பெரிய துண்டு வேண்டும். புதுத்துணி சலவையில் சுருங்கும்; ஆதலால் பழந்துணிக்குப் பழந்துணியே துணை. துணியை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்துப் பார்த்தால் அதிகம் இளகாது. மூலைவாட்டில் இழுத்தால் நீளும். பாவு நூலும் ஊடை நூலும் சதுரமாகப் பின்னியிருப்பதே காரணம். ஒட்டுத்துணியின் இழையும் காற்சட்டையின் இழையும் ஒரே வாட்டில் அமைந்தால் ஒட்டு சுருங்காமல் படியும். மாறினால் பிள்ளை குந்தும்போது ஒரு புறம் இழுக்கும்.

பள்ளிச் சீருடையைச் சற்றுப் பெரிதாக வாங்குவது நம் வழக்கம். மிகுந்த நீளத்தை வெட்டிவிடாமல், எட்டுப் பத்து சென்டிமீட்டர் உள்ளே மடித்து, இடைவெளி விட்ட கைத்தையலால் பிடித்து வைத்தால் அடுத்த ஆண்டு பிரித்து நீட்டிக்கொள்ளலாம். பழைய மடிப்பின் கோடு தெரிந்தால், வெள்ளைக் காடியில் நனைத்த துணியை அதன்மேல் வைத்து இஸ்திரி போட்டால் பெரிதும் மங்கும். முதலில் ஓர் உள்மூலையில் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்க. இவ்வேலையைப் பெரியவர் செய்ய வேண்டும். பிரிக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பிரிப்பதில் பிள்ளைகளுக்கு என்றுமே ஆர்வம் அதிகம்!

எஞ்சிய வெட்டுத் துண்டுகளை எறிய வேண்டா. வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கடுக்காக வைத்து, ஓட்டுத் தையலாலேயே இணைத்துப் போர்வையாக்குவர். ‘காந்தா’ என்பது அதன் பெயர். பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவிய நூலே அதற்குத் தையல் நூலாகவும் பயன்பட்டது. அம்மாவின் சேலை, தாத்தாவின் வேட்டி, தம்பிக்குச் சிறுத்த சட்டை ஆகியவற்றை ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, மாதம் நான்கு சதுரம் என்று இணைத்து வந்தால், ஓராண்டில் 48 சதுரங்கள் சேரும். சதுரம் 20 சென்டிமீட்டர் எனில், தைத்த பின் ஒரு குழந்தை போர்த்திக்கொள்ளப் போதுமான விரிப்பு அது.

வேலைக்கு ஏற்ற நேரம், மாலையில் விளக்கொளி நன்கு விழும் இடத்தில் அரை மணி. அதற்கு மேல் நீட்டினால் பிள்ளைக்குச் சலிப்பும் ஊசிக்குத்தும் மிஞ்சும். தொடங்கும்போது ஊசிகளை எண்ணுக; முடிக்கும்போதும் எண்ணுக. ஒன்று குறைந்தால் அது கிடைக்கும் வரை ஒருவரும் அவ்விடத்தில் வெறுங்காலோடு நடத்தலாகாது. ஒரு சிறு காந்தத்தைத் தையற்பெட்டியில் வைத்திருந்தால் தேடும் வேலை எளிதாகும்.

தைத்து முடித்த அஞ்சாங்கற்களை மாணவர்கள் பள்ளிக்குக் கொண்டுவரலாம். இடைவேளையில் மண்டபத்து ஓரத்தில் அமர்ந்து ஆட அனுமதி உண்டு. அரிசி சிந்தினால், சிந்தியவரே கூட்டிப் பெருக்கி, அன்று மாலையே தைத்துக்கொண்டு வர வேண்டும். நூலும் ஊசியும் தலைமையாசிரியர் அறையில் கிடைக்கும்.