2147483647 (எண்)

2147483647 என்பது 2147483646 இற்கும் 2147483648 இற்கும் இடைப்பட்ட இயல் எண் ஆகும். 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647 என்று இதனை வாசிக்கலாம். இதன் மதிப்பு 2³¹ − 1. எனவே இரும எண்முறையில் இதை எழுத 31 ஒன்றுகள் போதும். இடையில் சுழியமே வராது. பகா எண்களின் வரிசையில் இதன் இடம் 10,50,97,565.

பகாத்தன்மை

2ⁿ − 1 வடிவிலுள்ள பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படுகின்றன. அவற்றுள் இது எட்டாவது. அடுக்கான 31 உம் (2⁵ − 1) ஒரு மெர்சென் பகா எண்ணே என்பதால், இது இரட்டை மெர்சென் பகா எண்ணும் ஆகும். அவ்வகையில் இதுவரை அறியப்பட்டவை நான்கு மட்டுமே: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1.

n இன் மதிப்பு 23, 29, 31, 37 ஆகும்போது 2ⁿ − 1 பகா எண்ணாக இருக்கும் என்று இத்தாலியரான கட்டால்டி கூறியிருந்தார். நான்கில் 31 மட்டுமே சரியானது; அதற்கும் அவரிடம் நிறுவல் இல்லை. நிறுவியவர் லியோனார்டு ஆய்லர். 1772 இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைத் தெரிவித்தார். அப்போது அவர் பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தார்.

ஓர் எண் பகா எண்ணா என அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். இங்கு வர்க்கமூலம் 46,340 ஐச் சற்றுத் தாண்டுகிறது. கையால் செய்ய இது பெரும் வேலை. ஆனால் 2³¹ − 1 இன் எந்தப் பகாக் காரணியும் 62 ஆல் வகுபடும்போது 1 ஐயும், 8 ஆல் வகுபடும்போது 1 அல்லது 7 ஐயும் மீதியாகத் தரவேண்டும். இரண்டையும் சேர்த்தால், காரணி 248k + 1 அல்லது 248k + 63 என்ற வடிவில்தான் இருக்க முடியும். அதிகபட்சம் 372 எண்களைச் சோதித்தால் போதும். அவற்றிலும் பகு எண்களை விட்டுவிடலாம். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

இதனை 2³⁰ ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற எட்டாவது நிறைவெண் கிடைக்கும். இதைவிடப் பெரிய நிறைவெண் ஒருபோதும் கண்டறியப்படாது என 1811 இல் பீட்டர் பார்லோ கருதினார். இத்தகைய எண்களால் பயனில்லாததால் எவரும் தேட முயலமாட்டார் என்பது அவரது எண்ணம். மனிதரின் ஆர்வத்தை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

கணினியில்

32 பிட்டுகளில் ஒன்று குறிக்குப் போக, 31 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப்பெரிய முழு எண் இதுவே. 2014 இல் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வை எண்ணிக்கை இவ்வெல்லையை நெருங்கியதால், யூடியூப் 64 பிட் எண்ணிக்கைக்கு மாறியது. அங்கு எல்லை 2⁶³ − 1. அது 7 ஆல் வகுபடும், எனவே பகா எண் அன்று.

யுனிக்சு வகை இயங்குதளங்கள் நேரத்தை 1970 சனவரி 1 முதலான நொடிகளாகக் கணக்கிடுகின்றன. 32 பிட்டில் இக்கணக்கு 2038 சனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8:44:07 மணிக்கு 2147483647 ஐ எட்டும். அடுத்த நொடியில் மதிப்பு −2147483648 ஆகி, நாள் 1901 திசம்பருக்குத் தாவிவிடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆலைகளிலும் வாகனங்களிலும் பொருத்தப்பட்டு, மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் நெடுங்காலம் இயங்கும் சிறு கருவிகளில்தான் இச்சிக்கல் எஞ்சியிருக்கக்கூடும்.